ரோடாவுக்கு எட்டும் பலகை

கேப் பிரெட்டன் தீவில் தச்சுப்பட்டறை நடத்தும் நார்மா கில்லிஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் ரம்பம் வைக்கும் முன், அது போய்ச் சேரும் வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள்.

லாக்லன் தன் வீட்டில் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பைச் சுற்றி, தூணும் மேல்பலகையுமாக மேப்பிள் மரத்தில் ஒரு முகப்பு வேண்டுமென்று வந்தார். அளவெல்லாம் எழுதியே கொண்டுவந்திருந்தார். மேல்பலகை அவர் நெஞ்சு உயரம். மனைவி ரோடாவும் சக்கர நாற்காலியில் கூட வந்திருந்தாள்.

“அதுல நீங்க என்ன வைக்கப்போறீங்க?” என்று நார்மா அவளைக் கேட்டாள்.

“நானா? கை எட்டுனாத்தானே வைக்க?”

லாக்லனின் முகம் சுருங்கிப்போனது. அவளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகியும் அவருக்கு இது தோன்றவே இல்லை.

மேல்பலகையைக் கீழே இறக்கினால் சூட்டில் கருகிவிடும். நார்மா யோசித்து, வலப்பக்கத் தூணின் வெளிப்புறம், ரோடாவின் தோள் உயரத்தில் ஒரு குட்டிப் பலகை வரைந்து காட்டினாள்.

“என்னம்மா இது, கணப்புக்கு ஒத்தக் காது முளைச்ச மாதிரி இருக்கு!” என்றார் லாக்லன்.

“இருக்கட்டுமே. வீட்ல ஒரு காதாவது நான் சொல்றதக் கேக்கட்டும்,” என்றாள் ரோடா. நார்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நார்மா மூன்று வாரம் இழைத்து, குட்டிப் பலகையின் விளிம்பைக் கையில் குத்தாதபடி கூர் மழுக்கிவிட்டாள். பொருத்திய அன்றே ரோடா தன் தேநீர்க் கோப்பையை அதில் வைத்தாள். லாக்லனும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

“ஏய், அத மேல வை. இது என் இடம்.”

அவர் கண்ணாடியை எடுத்து மேல்பலகையில் வைத்தார்.