பின்னடி மட்டும் தெரிந்தவள்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே குளிர்ந்துபோகும். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். நான் அப்போது தென்காசிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் உபதேசியார். புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த ஆறு குடும்பங்களை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவது என் வேலை. அவர்களைப் பாடம் கேட்டுப் பரீட்சை எடுத்து ஞானஸ்நானம் கொடுக்கிற வெள்ளைக்கார மிஷனரித் துரையோ, சீசனுக்குக் குற்றாலத்துப் பங்களாவில் வந்து தங்கும்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப்பார்ப்பார். அவர் அருவியில் குளிக்க வரும் மாதம் எங்களுக்குக் கார் நெல் நடவு. இதை அவருக்கு இரண்டு தடவை எழுதினேன். பதிலே இல்லை.

பகலெல்லாம் வயலில் குனிந்து நின்ற பெண்கள் பொழுது சாய்ந்து ஜெபவீட்டில் உட்கார்ந்தால், பத்துக் கட்டளைகளான கற்பனைகளில் மூன்றாவதைச் சொல்வதற்குள் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தேன். ஒரு நாள் பொறுமை போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலேயே போய் நின்றேன். நடவுப் பாட்டில் ஒருத்தி முன்னடி எடுப்பாள், மற்றவர்கள் பின்னடி சொல்லுவார்கள். அந்த மெட்டிலேயே பத்துக் கற்பனைகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் அடியடியாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வயல் முழுக்க அதுதான் கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பெண்கள் மாறி மாறி முன்னடி எடுத்துப் பழகினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் பால் கொடுக்க வரப்புக்கும் வயலுக்கும் அலைந்ததால், எப்போதும் பாதியில் வந்து பின்னடியில்தான் சேர்ந்துகொள்வாள். அதை நான் கவனிக்கவே இல்லை. புருஷன், மூத்தவன், கைக்குழந்தை, தான் என நாலு பேரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக எல்லோருக்கும் வெள்ளைத் துணி துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

துரை வந்தார். ஒவ்வொருவராக நிற்கவைத்துக் கேட்டார். அவள் புருஷன் தேறிவிட்டான். அவள் முறை வந்ததும் முதல் கற்பனையைக் கேட்டார். துரை மறுபடி கேட்டார்.

“ஒத்தையில சொல்ல வரமாட்டேங்கு ஐயா. ஆராவது முன்னடி எடுத்துக் குடுத்தா நான் பின்னடி சொல்லுதேன்” என்றாள்.

துரை புரியாமல் என்னைப் பார்த்தார். ‘நடவுப் பாட்டில் சொல்லிக்கொடுத்தேன், அவளுக்குப் பாதி தெரியும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேவனுடைய கற்பனைகளை நடவுப் பாட்டாக்கினாயா என்று கேட்டு என் வேலையைப் பறித்துவிடுவாரோ என்று பயந்தேன். “இவள் பாடத்துக்குச் சரியாக வரவில்லை” என்றேன். துரை அவள் பேருக்கு எதிரே கோடு போட்டார். இனி அடுத்த சீசன்தான். துரை மேல் கோபம், மழை மேல் கோபம், ஒரு முன்னடியைக்கூடப் பிடித்துவைக்காத அவள் மேலும் கோபம். என்மேல் வந்ததைத்தான் யாரிடமும் காட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் குழந்தையை அவள்தான் தூக்கி வந்தாள். ஞானஸ்நானம் பெறாதவள் தொட்டியருகே நிற்கக்கூடாது என்பதால், அங்கே வந்ததும் என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டாள். துரை தண்ணீர் தெளித்ததும் குழந்தை வீறிட்டது. என் மனைவி தட்டிக்கொடுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். அது அம்மாவைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டு அழுதது.

பின்வரிசையிலிருந்து அவள் ஓரடி முன்னால் எடுத்துவைத்து நின்றாள். வரலாமா என்று துரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

வேண்டாம் என்று தலையசைத்தேன்.