ஐந்து வெள்ளைப் பாய்கள்

1. கானல்

கற்பிட்டிக் களப்பில் வெயில் ஏறிய பிறகு தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அன்று ஐந்து பாய்மரப் படகுகளும் அந்த வெளிச்சத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் கரையில் நின்ற ஓ.பி. வேனுக்குள், அதாவது வெளிக்கள ஒளிபரப்பு வண்டிக்குள், மூன்று மொனிட்டர்களைப் பார்த்தபடி இருந்தேன். எங்கள் தொலைக்காட்சி முதன்முதலாக ஒரு படகுப் பந்தயத்தை நேரடியாக ஒளிபரப்பியது. நான் டைரக்டர்.

ஒரு பிழையை நாங்களே முன்கூட்டிச் செய்து வைத்திருந்தோம். திரையில் அழகாக இருக்கட்டும் என்று ஐந்து படகுகளுக்கும் ஒரேமாதிரியான புது வெள்ளைப் பாய் கட்டச் செய்தோம். பழைய பாய்களில் உள்ள ஒட்டுகளை வைத்துத்தான் கரையில் நிற்பவர்கள் யாருடைய படகு என்று சொல்வார்கள். புதுப் பாயில் இலக்கம் போட்டிருந்தோம். கானலில் அது கரைந்துபோனது.

வர்ணனைக்கு வரவேண்டிய பழைய கிரிக்கெட் வீரர் பாலாவிச் சந்தியில் லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அதனால் முடிவுகளை எழுதிக்கொடுக்க வந்திருந்த ரிஸ்னாவிடம் மைக்கைக் கொடுத்தேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து தாயின் இடுப்பில் புத்தளத்துக்கு வந்தவர். தகப்பன் இந்தக் களப்பில்தான் மீன்பிடித் தொழில் செய்தார். நேரடி வர்ணனைக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று மூன்று வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இலக்கமே தெரியேல்லை, எப்படிச் சொல்லப்போறீர்?" என்று அவருடைய ஹெட்செட்டுக்குப் போகும் டோக்பேக்கில் கேட்டேன்.

"இலக்கம் எதுக்கு சேர்? ஆக்கள் குந்தியிருக்கிற விதம் தெரியுதே."

அவர் குரலை உயர்த்தவில்லை. காற்று திரும்பப்போகிறது என்றார். சற்றுக்குப் பின் திரும்பியது. மூன்றாவதாக வருவது நூரு நானா, அவர் காற்றுக்கு உடம்பைக் கொடுக்காமல் குனிந்தே இருப்பார், கடைசித் திருப்பத்தில் பாருங்கள் என்றார். அரைத்தூக்கத்தில் கேட்கும் கதை போல இருந்தது. ஷொட் மாற்றவேண்டிய இடத்தில் நான் மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2. ஃபேடர்

கடைசித் திருப்பத்துக்குச் சற்று முன் கிரிக்கெட் வீரர் வியர்வையோடு வந்து சேர்ந்தார். நான் ஒலிப்பதிவாளரிடம் சொன்னேன்: "முடிவு சொல்ல ஆம்பிளைக் குரல் வேணும். அவவின்ட மைக்கை இறக்கும்."

ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் இறங்கியது.

இரண்டு பாய்கள் ஒன்றாக வந்தன. வீரர் உற்சாகமாக வேறொரு படகின் பெயரைச் சொல்லி, அதுதான் வென்றது என்றார். என் மூன்றாவது மொனிட்டரில் வர்ணனைக் கொட்டில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற ரிஸ்னாவின் உதடுகள் அசைந்தன. நூரு நானா. நூரு நானா. சத்தம் இல்லை. ஃபேடர் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நடுவர்கள் கிண்ணத்தை நூரு நானாவிடம்தான் கொடுத்தார்கள். நாங்கள் நாடு முழுவதற்கும் பிழையான பெயரைச் சொல்லி முடித்திருந்தோம். மறுநாள் மேலிடம் விளக்கம் கேட்டது. பெயர்பெற்ற வீரரோடு முரண்பட எனக்கு மனமில்லை. என் பெயர் கெடவும் விருப்பமில்லை. அறிக்கையில் எழுதினேன்: 'பிழையான தகவலை வழங்கியவர் ரிஸ்னா.'

அவரை டேப் லைப்ரரிக்கு மாற்றினார்கள். நான்கு வருடம் அங்கேயே இருந்தார். பிறகு வேறு நிலையத்துக்குப் போனார். அந்த நான்கு வருடமும் நடைபாதையில் என்னைக் கண்டால், "சாப்பிட்டீங்களா சேர்" என்று கேட்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

3. கொப்பி

இந்த வருடம் மறுபடியும் பந்தயம். நான் ஓய்வுபெற்றுப் பாலாவியில் இருக்கிறேன். பஸ் ஏறிப் போனேன். களப்பில் ஐந்து பாய்களும் பழையவை. நீல ஒட்டு, சிவப்பு ஒட்டு, உரப்பை ஒட்டு. என் பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "பழைய பாய் கட்டினாத்தான் வருவேன் எண்டு அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டாவாம்." அந்தப் பிள்ளை ரிஸ்னாதான்; இப்போது தலைமை வர்ணனையாளர்.

கொட்டிலின் வாசலில் அவரைக் கண்டேன். வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்சில் ஒரு வரிதான் வந்தது.

"அறிக்கையில உம்மட பேரை எழுதினது நான்தான்."

அவர் ஹெட்செட் வயரின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சேர். பியூன் ஐயா அந்த அறிக்கையைக் கொப்பி எடுக்கத் தந்தது என்னட்டத்தான். நாலு கேட்டிருந்தீங்க. நான் அஞ்சு எடுத்தேன்."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

 வெயிலில் நிற்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. காற்று திரும்பப்போகிறது என்றது. பாய்கள் வானத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு இறங்கி வந்தன. முடிவையும் அவரே சொன்னார்.

பழைய நிலையத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு கொப்பி அவருக்கு.

வேனுக்குள் இருக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் உண்டு. மொனிட்டரில் ஒருவரின் உதடு அசைந்து சத்தம் வராவிட்டால், வயரைத் தேடாதீர்கள். முதலில் ஃபேடரைப் பாருங்கள். நான் பார்த்தேன். ஏற்றவில்லை.