காவிக் கோட்டுக்குள் சுருங்கிய கட்டி

கோப்பிக்கு நல்ல காலம் முடிந்துகொண்டிருந்த சமயம் அது. இலங்கையில், கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். இலைகளின் அடியில் நோயின் மஞ்சள் பொடி படியத் தொடங்கியிருந்தது. துரைமார் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலைப்படக்கூட நேரமில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருடத்திலேயே என் மனைவியின் இடது காலில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு வீக்கம் வந்திருந்தது.

முதலில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். நீவ நீவ வலி கூடியது. பிறகு யாரோ வாயு என்றார்கள், ஒத்தடம் கொடுத்தோம். கட்டி கரையவில்லை. தொட்டால் எலும்பே வெளியே தள்ளிக்கொண்டு வந்தது போலக் கெட்டியாக இருந்தது. நான் பிறவியிலேயே பதற்றக்காரன். சோறு வேகக் கொஞ்சம் நேரமானாலே அடுப்படியை எட்டி எட்டிப் பார்ப்பவன். வாசலுக்கும் அறைக்குமாக அலைந்துகொண்டே இருந்தேன். "நீங்க இப்படி நடந்துக்கிட்டே இருந்தா கட்டி பயந்து ஓடிருமா? சும்மா உக்காருங்க" என்று அவள்தான் என்னை அதட்டுவாள்.

கடைசியில் துரையிடம் கெஞ்சி லீவு வாங்கினேன். கோப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும் மாட்டுவண்டியில் அவளை உட்கார வைத்தேன். வண்டிக்காரர் எங்கள் தோட்டத்து ஆள்தான். இந்தியாவில் அவர் குடும்பத்துக்கு மண்பானை செய்யும் தொழில். வழியெல்லாம் மழை. மாட்டை அவிழ்த்துவிட்ட இடத்தில் அவள் சற்றே இறங்கி நின்றாள், அதற்குள் அந்த இடது கால் கெண்டையிலேயே ஒரு அட்டை ஏறிவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கண்டி வரும் வரை சொறிந்துகொண்டே வந்தாள். அப்போது அது ஒரு பெரிய விஷயமாக எங்களுக்குப் படவில்லை.

கண்டியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பார்த்தார். அவசரமே இல்லாத மனிதர். அவர் தட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. "கதிரையில இருங்கோ" என்று முதலில் என்னை உட்கார வைத்தார். "இது எலும்பில வளருற புற்று. காலைத் தொடையோட எடுக்கவேணும். விட்டா நெஞ்சுக்கு ஏறும், பிறகு ஒண்டும் செய்யேலாது."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் மட்டும், காலை எடுத்தால் உயிருக்கு நிச்சயமா என்று கேட்டாள். "நிச்சயம் எண்டு சொல்லேலாது, பிள்ளை" என்றார் அவர்.

வெட்டுவதற்கு நாள் குறித்தாயிற்று. அதுவரை தங்கக் கடைத்தெருவில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்தோம். அங்கேதான் பட்ட காலிலே படும் என்பது சரியாகப் போயிற்று. அட்டை கடித்த இடம் செக்கச்செவேல் என்று சிவந்தது. சிவப்பு மளமளவென்று மேலே ஏறி முழங்காலை எட்டியது. உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது அடங்கும் வரை கத்தி வைக்க முடியாது, இதுவே ஆளைக் கொண்டுபோனாலும் போகும் என்றார். எந்த நோய்க்குப் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்புமுன் வண்டிக்காரர் பார்க்க வந்தார். பார்த்ததுமே, "அக்கிங்க இது. எழுதணும்" என்றார். அக்கி வந்தால் பானை செய்கிறவர் கையால் காவி எழுதுவது எங்கள் வழக்கம். அவரே அந்தக் குடும்பம் என்பதால் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சிரட்டையில் காவியைக் கரைத்து, கோழி இறகால் சிவப்பின் மேல் எழுதத் தொடங்கினார். அந்தக் காய்ச்சலிலும் அவள் கண்ணைத் திறந்து, "அண்ணே, அந்தக் கட்டியையும் சுத்தி ஒரு வேலி போட்டு விடுங்க" என்றாள்.

அவர் தயங்கினார். "கட்டிக்கெல்லாம் எழுதுறது இல்லைங்க தாயி."

"எழுதுங்க, கூலி கேட்டா இவர் குடுப்பாரு" என்றாள்.

அவர் விரலால் தடவித் தடவிக் கட்டியின் ஓரத்தைக் கண்டுபிடித்து, அதையொட்டி ஒரு கோடு இழுத்தார். அக்கிக்கு எழுதும் வழக்கப்படி நடுவில் ஒரு சிங்கம் வரைந்தார். பூனை மாதிரி இருக்கிறது என்று அவள் சிரித்தாள்.

டாக்டர் வரும் சத்தம் கேட்டதும் ஏச்சு விழுமே என்று நான் கம்பளியை இழுத்து மூடினேன். அவர் அதை விலக்கிப் பார்த்தார். "கழுவாதேங்கோ. கட்டியின்ர எல்லை வடிவாத் தெரியுது, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். ஆனால் அடுத்த நாளே சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இடுப்பு வரை போய்விட்டது. அவள் வாய்க்கு வந்தபடி பிதற்றினாள். என்னையே யாரென்று கேட்டாள். நான் கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டேன், அடுத்த நிமிடமே அவனைத் திட்டினேன், திரும்பவும் நேர்ந்துகொண்டேன்.

ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. சிவப்பு வாடி, கெண்டையில் தோல் பொருக்காக உரியத் தொடங்கியது. டாக்டர் வந்து வழக்கம்போலக் கட்டியைத் தடவினார். கை சட்டென்று நின்றது. என் விரலைப் பிடித்துக் காவிக் கோட்டின் மேல் வைத்தார். கோட்டுக்கும் கட்டிக்கும் இடையில் ஒரு விரல் வைக்க இடம் இருந்தது. நாளாக ஆக அந்த இடம் அகன்றது. கல்லாக இருந்தது பிசைந்த மாவு போல ஆயிற்று. வண்டிக்காரருக்கு ஆள் விட்டுச் சொன்னேன். சிங்கம் தின்றிருக்கும் என்று சொல்லியனுப்பினார்.

டாக்டர் கட்டியிலிருந்து ஊசியால் ஒரு துளி எடுத்து, தன் அறையில், சின்னதைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கடியில் வைத்து எனக்குக் காட்டினார். வேகவைத்த சவ்வரிசி போல வெள்ளையாக என்னவோ கூட்டமாகக் கிடந்தது. இரத்தத்திலிருந்து வருகிறவை, உடம்பைக் காக்கிறவை என்று சிலர் சொல்கிறார்கள் என்றார். காய்ச்சல்தான் அவற்றை எழுப்பிவிட்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். "ஆனா ஒண்டு. சில ஆக்களில இதுகள் கட்டியைத் தின்னுற மாதிரிக் கிடக்கு. சில ஆக்களில இதுகள் மொய்ச்ச இடத்திலதான் கட்டி இன்னும் வளருது. இந்தப் பிள்ளையில எது எண்டு எனக்குத் தெரியேல்லை."

முதல் பாதி மட்டுமே என் காதில் ஏறியது. ஓட்டமாக ஓடிவந்து, மூட்டையைக் கட்டு, ஊருக்குப் போகலாம் என்றேன். அவள் விடாமல் கேட்டு, டாக்டர் சொன்ன மறுபாதியையும் என்னைச் சொல்லவைத்தாள். பிறகு கட்டியைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, காவக்காரன் நம்ம ஆளா திருடன் ஆளான்னே தெரியலைன்னா, அந்த வீட்டுல எப்படித் தூங்குறது? கட்டி சின்னதா இருக்கிறப்பவே காலை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

நான் கத்தினேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். குணமாகிற காலை வெட்டச் சொல்கிறாளே, பைத்தியமா என்று டாக்டரிடமே போய் அழுதேன். அவள் சொல்வது பிழை என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். மறுநாள் அவளே அவரிடம் சொல்லிவிட்டாள்.

மயக்க மருந்து கொடுத்துக் காலை எடுத்தார்கள். பிறகு டாக்டர் அந்த எலும்பைப் பிளந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கட்டியின் பெரும்பகுதி செத்து, ஊறிய மரத்தூள் போல உதிர்ந்ததாம். உள்ளே ஒரு மூலையில் மட்டும், கடலையளவுக்கு, புதிதாக, உயிரோடு வளர்ந்துகொண்டிருந்ததாம். விட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும் என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ செய்ததுதான் சரி என்று சொல்ல அவளிடம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"எதையும் சொல்லாதீங்க. வெட்டியிருக்க வேணாம்னு சொன்னா அழுதே செத்துருவேன். வெட்டினது சரின்னு சொன்னா, இனி நான் எதைச் செஞ்சாலும் சரியாவே இருக்கணுமேன்னு பயமா இருக்கும். தெரியாமத்தான் முடிவு பண்ணேன், அப்படியே இருக்கட்டுங்க."

வருடங்கள் ஓடிவிட்டன. கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை போட்டுவிட்டார்கள். எங்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவள் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வீட்டையும் என்னையும் சேர்த்தே ஆளுகிறாள். அவள் ஒரு தடவை இருமினால் போதும், எனக்கு அந்தக் கடலையளவு நினைவுக்கு வந்துவிடும், வாசலுக்கும் அறைக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவேன். அவளுக்கோ அது வெறும் இருமல்தான். வெட்டியது சரிதான் என்று, அவள் கேட்க மறுத்த அந்தப் பதிலைச் சொல்லிவிடத் துடித்துக்கொண்டே நான் இன்றும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியாத ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழும் துணிச்சல் எனக்கும் ஒருநாள் அவளிடமிருந்து ஒட்டிக்கொள்ளாதா என்று.