சுண்டலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை செந்துறைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் தோழி கலையரசி அங்கே மாலை நேர இளைஞர் மையம் நடத்துகிறாள்: கம்ப்யூட்டர், போட்டித் தேர்வுப் படிப்பு, கொஞ்சம் விளையாட்டு, நிறையப் பேச்சு. சில மாதங்களாகப் பெண்கள் வருவது குறைந்துகொண்டே வந்தது. ஹாலை இனாமாகக் கொடுத்திருந்த ரைஸ்மில்காரர், "பொண்ணுங்களுக்குன்னுதானே கேட்டீங்க. அவங்களே வரலைன்னா மாசக் கடைசியில சாவியக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். செட்டிகுளத்தில் நானும் இதே வேலை செய்வதால், வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பெரம்பலூரில் மதியம் ஒரு மணிக்கு அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். முப்பது ரூபாய் வைத்திருங்கள், மீதி வரும். "செந்துறைன்னா அரியலூர்ல எறங்கி மாறணுங்க. தூங்கிப்புடாதீங்க" என்றார் கண்டக்டர். சொன்ன கையோடு தூங்கினேன். விழித்தபோது சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைத் தூசிக்குள் பஸ் மிதந்துகொண்டிருந்தது. இந்த மண் ஒரு காலத்தில் கடலடியாம்; கல்லுக்குள் சிப்பி கிடைக்கிறது. அரைத் தூக்கத்தில் கருவேல மரங்கள்கூட நீருக்குள் அசைவதாகத் தெரிந்தது. கீழே இறங்கவே மனசு வரவில்லை.

அரியலூரில் டவுன் பஸ் பிடித்தால் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. செந்துறை நெருங்க நெருங்க ஜன்னல் வழியாக முந்திரிப் பழ வாசனை ஏறி, தலை லேசாகக் கிறங்கியது.

மையத்தில் கலையரசி ஒவ்வொரு வெள்ளியும் ஒரு கருத்துக் கணிப்பு நடத்துகிறாள். முதலில் எல்லாருக்கும் சுண்டல். பிறகு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. மையம் பிடித்திருந்தால் ஒரு பானை, குறையிருந்தால் இன்னொன்று. பக்கத்திலேயே அவள் சிரித்தபடி நிற்கிறாள். குறைப் பானை எப்போதும் காலி. "எல்லாருக்கும் புடிச்சிருக்குடி. அப்புறம் ஏன் வரமாட்டேங்குறாங்க?" என்றாள்.

கல்லூரியில் படிக்கும் வினோதினியைத் தனியாகக் கேட்டேன். "அக்கா கையால சுண்டல் வாங்கித் தின்னுட்டு, அவங்க முன்னாடியே எப்படிக்கா நொட்டை சொல்றது? வராம நின்னுட்டவளுங்கள கேளுங்க, சொல்லுவாளுங்க" என்றாள்.

நியாயம்தானே? வருகிறவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால், வராததன் காரணம் எப்படித் தெரியும்? மறுநாள் காலை கலையரசியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வினோதினியோடு முந்திரித் தோப்புக்குப் போனேன். இலைச் சருகும் சிவப்பு மண்ணும், எங்கோ ஒரு குயிலும். நின்றுபோன மூன்று பெண்கள் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்து மழுப்பினார்கள். நாங்களும் உட்கார்ந்து திருக ஆரம்பித்த பிறகு ஒருத்தி சொன்னாள்: "வாசல்லயே கேரம் போர்டு போட்டு பசங்க உக்காந்திருக்கானுங்க. அவனுங்களத் தாண்டித்தான் உள்ள போவணும். தெனமும் ஏதாவது சொல்றானுங்க. வூட்டுல தெரிஞ்சா காலேஜையே நிறுத்திடுவாங்க."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பையன்களையும் இழுக்கவேண்டும் என்று அந்த போர்டை வாசலில் போட்டதே கலையரசிதான்.

யார் சொன்னது என்று சொல்லாமல் கலையரசியிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் உடனே எழுந்து போய், போர்டைப் பின்கட்டுக்கு மாற்றினாள். பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். மில்காரரிடமும் மறைக்கவில்லை. "தப்பு எங்க மேலதாங்க. மாத்திட்டோம். பலிக்குதான்னு பாக்க ரெண்டு மாசம் குடுங்க" என்றாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே, "சரி, பாருங்க" என்றார்.

இப்படி ஒரு பயணம் போகிறவர்களுக்கு: சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள். கடைசி பஸ்ஸை முன்கூட்டியே விசாரியுங்கள். மையம் நடத்துகிறவர் என்றால், கருத்தைக் கேட்டபிறகு சுண்டல் கொடுங்கள். கேட்கும்போது நீங்கள் அங்கே நிற்காதீர்கள். வராதவர்களின் இடத்துக்குப் போய்க் கேளுங்கள். மாற்றியதையும் மறுபடி விசாரியுங்கள், ஏனென்றால் நம் நல்லெண்ணம் நம் கண்ணையே மறைத்துவிடுகிறது.

போன வாரம் கலையரசி போன் செய்தாள். மூவரும் திரும்ப வருகிறார்களாம், ஹாலும் தப்பித்ததாம்.

"அதுல ஒருத்தி நேத்து எம் மூஞ்சிக்கு நேராவே சொல்றாடி, 'அக்கா, நீங்க எங்களப் பேசவே வுட மாட்டேங்குறீங்க'ன்னு" என்றாள். சொல்லும்போதே அழுதாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் அழுது நான் கேட்டதில்லை.