வெறும் வயிற்றில் ஒரு விண்ணப்பம்

அந்த மே மாதம் முழுக்க ஹில்டாவின் கையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றொன்று கல்லூரி கொடுத்தது. அதில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் எண்கள் நிரம்பிக் கிடந்தன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பி.ஃபார்ம் படிக்க விருப்பமா என்று கேட்க வேண்டும். தாம்பரம் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் கோடை வந்தால் உதவிப் பேராசிரியர்கள் எல்லோருக்கும் இதுதான் வேலை. பாதிப் பேர் பேசி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். ஒரு பையன் மட்டும் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க லோன் குடுக்கிற கம்பெனியா?" என்றான்.

இந்தப் போனிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. வெளியிலிருந்து ஆராய்ச்சிக்கு நிதி வாங்கி வருபவர்களை இந்த வேலையில் போடுவதில்லை என்று துறைத் தலைவர் ஹரிபிரசாத் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், சொன்ன சொல் மாறமாட்டார். ஆனால் அவர் சொன்ன நாளிலிருந்து யாரும் நிதி வாங்கி வந்ததில்லை.

ஹில்டா ஏற்கெனவே மூன்று தனியார் அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பித்துப் பார்த்துவிட்டாள். மூன்றுக்கும் வாயில் நுழையாத தலைப்புகள், படிக்கிறவர் மிரண்டுபோகிற மாதிரி. பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி மரியாதையாக வந்தன. உங்கள் முயற்சி மிகச் சிறப்பானது, எனினும் இம்முறை இயலவில்லை. மூன்றாவது பதிலை வாசித்துக் காட்டியபோது அவள் அம்மா அருள்மேரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "உன்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் இப்படித்தாண்டி பேசுனாங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

நான்காவது அறக்கட்டளை சின்னது. பழைய மருந்துக் கம்பெனிக் குடும்பம் ஒன்று நடத்துவது. அவர்கள் தலைப்பே கேட்கவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஹில்டாவுக்கு அப்படி ஒரு கேள்வி நிஜமாகவே இருந்தது. சனிக்கிழமைகளில் அவள் பம்மலில் ஒரு சின்ன கிளினிக்கின் மருந்து கவுண்டரில் உதவிக்கு உட்காருவாள். அங்கே தைராய்டு மாத்திரை வாங்க வரும் பெண்கள் பலருக்கு, எத்தனை மாதம் ஆனாலும் ரத்தப் பரிசோதனை சரியாக வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் அளவைக் கூட்டுவார். அந்தப் பெண்கள் 'பவர் ஏத்திட்டாங்க' என்று சொல்லிக்கொண்டு அடுத்த அட்டையை வாங்கிப் போவார்கள். அதனால் அவள் எழுதினாள்: தைராய்டு மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் சிலருக்கு ஏன் சரியாவதில்லை?

அருள்மேரி அதைப் படித்துவிட்டு, "எனக்கே புரியுதே. இதுக்கு யாரு காசு குடுப்பா?" என்று கவலைப்பட்டாள்.

ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதற்கு முன் சிறிய அளவில் ஒரு விசாரணை நடத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். ஆகவே கிளினிக்குக்கு வந்த பெண்களிடம், மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறீர்களா என்று கேட்டாள். ஒருவர் விடாமல் ஆமாம் என்றார்கள். ஹில்டாவுக்குத் திக்கென்றது. எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள் என்றால் ஆராய என்ன இருக்கிறது? இருந்தாலும் பொய் எழுத மனம் வரவில்லை. வந்த பதிலை அப்படியே அனுப்பிவிட்டாள்.

நேர்காணல் கம்ப்யூட்டர் வழியாகத்தான். அன்று காலை அருள்மேரி இட்லியை எடுத்து வைத்தும் பயத்தில் ஹில்டாவுக்கு இறங்கவில்லை. சேலையூரிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு ஓடி, ஆய்வகத்தின் பக்கத்து அறையில் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதான பெண் டாக்டர், தமிழ்க்காரர். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. பிறகு அவர் அவள் பயந்த இடத்துக்கு நேராக வந்தார். எல்லோருமே வெறும் வயிற்றில்தான் போடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் உங்கள் ஆய்வு எதற்கு?

ஹில்டாவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கல்லூரிப் போன் வந்து நின்றது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அந்த டாக்டர் தமிழுக்கு மாறினார். "என்னம்மா, காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம். எழுந்ததுல இருந்து வெறும் வயிறுதான். டீ மட்டும் குடிச்சேன்."

அந்த டாக்டரின் உதட்டோரம் மெதுவாக விரிந்தது. தான் சொன்னது ஹில்டாவின் காதுக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. பார்மசியில் முதுகலை வரை படித்தவள், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவள், அவள் கணக்கிலும் டீ குடித்த வயிறு வெறும் வயிறு. நம் ஊரில் டீ என்றைக்கு சாப்பாட்டில் சேர்ந்தது?

"அந்தப் பொம்பளைங்கள்ல எத்தனை பேர் டீ குடிச்சுட்டு மாத்திரை போட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் அதைக் கேக்கவே இல்ல மேடம்."

"கேட்டுட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

அந்தச் சனிக்கிழமை ஹில்டா கேள்வியை மாற்றினாள். வெறும் வயிறு என்ற பேச்சையே எடுக்கவில்லை. எழுந்ததும் முதலில் வாய்க்குள் போனது எது என்று மட்டும் கேட்டாள். டீ, காபி, பால் ஊற்றிய டீ, இஞ்சி தட்டிப் போட்ட டீ என்று பதில்கள் வந்து விழுந்தன. சிலர் மாத்திரையை விழுங்கியதே டீயோடுதான். வீட்டு வேலைக்குப் போகும் செல்லம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"டீதான்மா. கூட ரெண்டு பொறை."

"பொறை ரொட்டிதானே, அது சாப்பாடு இல்லையாக்கா?"

"அது எப்டிமா சாப்பாடாவும்? டீல நனைச்சாக்கா அதுவும் டீதான."

ஹில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே எழுதினாள். மாத்திரையை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீயும் காபியும் தடுக்கும் என்பது புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் 'வெறும் வயிறு' என்று டாக்டர் சொல்வதும் பம்மலில் கேட்பதும் இரண்டு வேறு வயிறுகள் என்று எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. அறக்கட்டளைக்கு மறுபடி எழுதும்போது நேர்காணலில் தான் உளறியதையும் முதல் பத்தியிலேயே சேர்த்தாள்.

பதில் வந்தபோது அவள் ஒரு பையனிடம் விடுதி வசதி பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தில் எனினும் என்ற சொல்லே இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனுக்கு வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டு, நேராக ஹரிபிரசாத்தின் அறைக்குப் போய்க் கடிதத்தைக் காட்டி, கல்லூரிப் போனை மேசை மேல் வைத்தாள். அவர் கடிதத்தைப் படித்தார். எழுந்து கைகொடுத்தார். போனைத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, இனி இதை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் விழித்தார்.

ஆய்வு தொடங்கிய அன்று கிளினிக் சுவரில் ஹில்டா ஒரு தாளை ஒட்டினாள். 'முதலில் மாத்திரை, தண்ணீரோடு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. பொறையும் டீயோடு சேர்த்தி.' செல்லம்மா ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"இன்னா பொண்ணு நீ. டீ இல்லாம ஒரு மணி நேரம் எப்டி குந்திகினு இருக்கறது? அதுக்கு பவரையே ஏத்திக் குடுத்துடேன்."