நிலாவைக் காட்டிய விரல்

கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர்வீட்டில் இருந்தவர்கள் மோங் இனத்தவர்கள். லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்து, போருக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஏழு வயது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படித்தாள். எனக்கு அது போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், நாங்கள் பார்க்கிங் லாட்டில் விளையாடிக்கொண்டிருந்தோம். துவைத்த துணிக்கூடையோடு வந்த அம்மா மேற்கே பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மூணாம் பிறைடீ! அதோ பாரு, மரத்துக்கு மேல” என்று விரலால் காட்டினாள்.

“ஓ, ஐ ஸீ இட்!” என்று நானும் விரலை நீட்டினேன்.

தோழி பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். அம்மா உள்ளே போனதும் காதோடு சொன்னாள். நிலாவை விரல் நீட்டிக் காட்டக் கூடாதாம். காட்டினால், தூங்கும்போது நிலா வந்து காதை அறுத்துவிடுமாம். அவளுடைய மாமாவுக்குக் காதின் பின்னால் தழும்பே இருக்கிறதாம். “உங்க அம்மாவும்தான் காட்டினாங்க” என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: “சண்டே உனக்குக் காது குத்திடலாம். ஏழு வயசாச்சு, இன்னும் மூளிக் காதோட சுத்தறே.”

நிலா இவ்வளவு சீக்கிரம் ஆள் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் என் அம்மாவையே.

கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தேன். காலையிலும் கழற்றவில்லை.

“என்ன, மில்பிடாஸ்ல ஸ்னோவா?” என்றார் அப்பா.

அம்மா தொப்பியில் கை வைத்ததும் வீறிட்டேன். அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அதுவரை மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி, அந்த ஆன்ட்டியிடம் அம்மா பேசியதே இல்லை.

தோழி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் தொப்பியைக் கழற்றி இரண்டு காதுகளின் பின்புறமும் பார்த்தார். பிறகு அம்மாவையும் குனியச் சொன்னார். அம்மா கூச்சத்தோடு கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். வெட்டு எதுவும் இல்லை. எதற்கும் சாயங்காலம் நிலாவைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றார்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் பார்க்கிங் லாட்டில் நின்றோம். நான் நிலாவிடம் “சாரி” என்றேன். நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினாள். ஆன்ட்டி தலைகுனிந்தார்.

“அவ்ளோதானாம்மா?”

“அவ்ளோதான். தொப்பியைக் கழட்டிக் குடு, வேர்த்துக் கொட்டுது.”

அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலில் சத்தமில்லாமல் காதை நீட்டினேன். திங்களன்று தோழி என் கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிலா ரொம்பக் கோபப்படவில்லை, ஓட்டையோடு விட்டுவிட்டது என்றாள்.

அதன் பிறகும் அம்மா மாதாமாதம் மூன்றாம் பிறை பார்த்தாள். போகும்போது எதிர்வீட்டுக் கதவையும் தட்டுவாள். ஆன்ட்டி வந்து பக்கத்தில் நிற்பார். ஆனால் அம்மா விரலை நீட்டவே மாட்டாள். முகவாயை லேசாகத் தூக்கி “அதோ” என்பாள்.

பாவம், இவ்வளவு பெரிய மனுஷிக்கு இன்னும் காதைப் பற்றிய பயம் போகவில்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன்.