அழுக்கு மூட்டை காட்டிய வாள்கூடம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ஆற்றங்கரையில் கன்னையா துணியை ஓங்கிக் கல்லில் அடித்தால், பத்து மைலுக்கு அப்பால் பூச்சோங் காட்டில் கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிடும். நம்பாதவர்கள் பூச்சோங்குக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பறந்த கொக்குகளில் பாதி இன்னும் திரும்பவில்லை.

தோள் இரண்டும் தேக்குக் கட்டை. ஆனால் அந்தத் தோளோடு கோலாலம்பூரில் ஒரு வீட்டு முன்வாசலையும் அவர் மிதித்ததில்லை. டோபி என்றால் பின்வாசல்தான். பின்பக்கமாகப் போய்த் தொண்டையைச் செருமி, வெளுத்ததை வைத்துவிட்டு அழுக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இராமலிங்கம் வீட்டில் அந்தச் செருமலுக்கும் வேலை இல்லை. தெருமுனையில் மூட்டை தெரிந்ததுமே, "ஏய் டோபி, பின்னால வா!" என்று குரல் வந்துவிடும்.

பத்து ரோடு என்ற கடைத்தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஜப்பான்காரர் இனோவேயும் கன்னையாவின் வாடிக்கைதான். ஒரு சாயங்காலம் மூட்டையோடு கடையின் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தகரக் கொட்டகைக்குள் இனோவேயும் அவர் ஊர்க்காரர்கள் சிலரும் மூங்கில் வாளைத் தலைக்கு மேல் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு இறக்கினார்கள். கன்னையாவுக்குக் கை துறுதுறுத்தது. அடடா, இது நம்முடைய அடி அல்லவா! இங்கே துணிக்குப் பதில் வாள், கல்லுக்குப் பதில் எதிராளி மாட்டியிருக்கும் இரும்புக் கம்பி வைத்த தலைக்கவசம்.

அடியைக் காட்டிலும் வேறொன்று அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கொட்டகைக்கு யார் வந்தாலும் உள்ளே இருப்பவர்கள் எழுந்து தலை குனிந்தார்கள். மீன் விற்கிற ஜப்பான்காரர் வந்தார், குனிந்தார்கள். பெரிய கடை முதலாளி வந்தார். அவருக்கும் அதே குனிவுதான், ஒரு விரல்கடை கூடுதல் இல்லை. தன்னைப் பார்த்து ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை அப்படிக் குனிந்துவிட்டால் போதும் என்று கன்னையாவுக்குப் பட்டது.

விஷயத்தைக் கேட்டு அவர் மனைவி மாரியாயி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, சிரைக்கிறவருகிட்டயா வாள் படிக்கப் போறீங்க? கத்தி பிடிக்கத் தெரிஞ்சவருதான், இல்லேங்கல. படிச்சு முடிச்சதும் எனக்கு யாரைச் சவரம் பண்ணிக் காட்டுவீங்க?"

ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் சின்னையா அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "படிச்சா கிள்ளான்ல படிக்கணும்லா, கன்னையாண்ணே. மொரிதா தொர பங்களாவப் பாத்திருக்கீங்களா? தரையில மூஞ்சி தெரியும். உங்களப் பத்திச் சொன்னேன். 'நல்ல உடம்பு, கூட்டிட்டு வா'ன்னுட்டாரு."

மொரிதா, கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜப்பான் துரை. அவருக்குக் கன்னையா போடும் கஞ்சியைத் தவிர வேறு கஞ்சி பிடிக்காது. அதனால் அவர் தன் பங்களாவில் நடத்திய வாள்கூடத்துத் துணியெல்லாம் வாராவாரம் ரயிலேறி வந்தன. சின்னையாதான் இறக்கித் தருவார். அந்தக் கூடத்தில் பட்டுத் திரை, பலகைத் தளம், பளபளக்கும் கவசம். எங்கே சேருவது என்று கன்னையா கேட்டபோது எல்லாரும் கிள்ளான் என்றே சொன்னார்கள். கன்னையாவுக்கும் நாக்கில் கிள்ளான் வந்துவிட்டது.

ஆனால் மனிதர்கள் சொல்லாததை மூட்டை சொல்லிவிடும். மறுநாள் ஆற்றங்கரையில் இரண்டு மூட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவிழ்த்தார்.

கிள்ளான் மூட்டையில் மாணவர்களின் சட்டைகள் வேர்வையில் ஊறிக் கிடந்தன. சிலவற்றில் தோள்பட்டையில் இரத்தக் கறை. மொரிதா துரையின் சட்டை? போன வாரம் கன்னையா இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது. முகர்ந்து பார்த்தார். அத்தர் வாசனை.

பத்து ரோட்டு மூட்டையில் எல்லாவற்றையும்விடக் கனமான சட்டை இனோவேயுடையது. வேர்வையில் உப்புப் பூத்து, நிறுத்தினால் தானாக நிற்கும்போல விறைத்திருந்தது. கருநீலப் பாவாடை போன்ற அந்தக் கீழுடுப்பில் முழங்கால் இரண்டும் தேய்ந்து ஒட்டுப் போட்டிருந்தது. பயிற்சி முடிந்ததும் மாணவர்களோடு வரிசையில் மண்டியிட்டு அவரும் தரை துடைப்பதைக் கன்னையா பார்த்திருக்கிறார்.

"சின்னையா," என்றார் கன்னையா, மூட்டையை இறக்கி வைத்தவரைப் பார்த்து, "ஒரு இடத்துல வாத்தியாரு வேர்க்கல. இன்னொரு இடத்துல வாத்தியாருக்குத்தான் அதிகமா வேர்க்குது. நான் எங்க போறது?"

"ஜவுளி பாத்து வாத்தியாரு தேடுற மொத ஆளு நீங்கதாண்ணே," என்றார் சின்னையா. ஆனால் அதற்குமேல் கிள்ளான் பேச்சை எடுக்கவில்லை.

விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், புது வேட்டி எல்லாம் வைத்துக்கொண்டு கன்னையா கிளம்பினார். பழகிய கால், பத்து ரோட்டில் தானாகப் பின்சந்துக்குத் திரும்பியது. அதைத் திட்டி இழுத்து முன்பக்கம் கொண்டுவந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

நாற்காலியில் பாதி முகம் சவரமாகி, பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கிராணி இராமலிங்கம். "ஏய் டோபி, இந்தப் பக்கமா வர்றே?" என்று அவர் வாயைத் திறப்பதற்குள், கன்னையா தட்டை வைத்துவிட்டு இனோவேயின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கடையே குலுங்கியது. சீப்பெல்லாம் உதிர்ந்தன.

ஆள் மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்த இனோவே, சவரக் கிண்ணத்துத் தண்ணீரை எடுத்து அவர் தலையில் ஊற்றினார். நுரை வழியக் கன்னையா நிமிர்ந்து, தட்டைக் காட்டி, பின்கொட்டகையைக் காட்டி, வாள் பிடிப்பதுபோல் கையைக் காட்டி, தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், சொன்னார். "இது எங்க ஊரு வணக்கம். எனக்குச் சொல்லிக் குடுங்க."

 இனோவே சவரக் கத்தியை மடித்து வைத்தார். வெள்ளைக் கோட்டோடு, முடி சிதறிக் கிடந்த தரையில், கன்னையாவுக்கு எதிரே தானும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். 'உங்கள் ஊர் வணக்கம் இதுதான் என்றால் பதிலும் இப்படித்தானே?' என்பதுபோல் இருந்தது.

கன்னையா எழுந்திருக்கவில்லை. முகத்தில் வழிந்ததில் எது நுரைத் தண்ணீர், எது கண்ணீர் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்ததற்குச் சவரக் கிண்ணத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

எழுந்ததும் இனோவே ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "இங்கே அவரவர் துணியை அவரவர்தான் துவைக்க வேண்டும். இன்றுமுதல் நீங்கள் எங்கள் டோபி இல்லை."

ஒரு நல்ல வாடிக்கை போயிற்று. அதைச் சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்ன டோபி மலாயாவிலேயே கன்னையா ஒருவர்தான். மாரியாயி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் கொண்டுவந்த மூங்கில் வாளைக் கேட்டு வாங்கி இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்த்தி, சந்தனப் பொட்டும் வைத்தாள்.

அடுத்த வாரம் கூத்து தொடங்கியது. இனோவே தன் கருநீல உடுப்பையும் கடை வெள்ளைக் கோட்டுகளையும் ஒரே தொட்டியில் ஊறவைத்துவிட்டார். பத்து ரோட்டில் நீலக் கோட்டுப் போட்டு முடிவெட்டிய ஒரே கடை அதுதான். கடைசியில் கோட்டுகளைச் சுருட்டிக்கொண்டு அவரே ஆற்றங்கரைக்கு வந்தார். துவைகல்லின் முன் நின்று, கன்னையாவைப் பார்த்துத் தலை குனிந்தார். கன்னையாவும் குனிந்தார்.

கொட்டகையில் இனோவே, "அடி நெற்றிக்கு வந்ததும் நிறுத்துங்கள், நிறுத்துங்கள்!" என்று கத்துவார். ஆற்றங்கரையில் கன்னையா, "நிறுத்தாதீங்க, கல்லு வரைக்கும் விடுங்க!" என்று கத்துவார். இருவருக்கும் மற்றவர் பாடம் உருப்படியாக வர வெகுகாலம் ஆயிற்று.

இராமலிங்கம் மட்டும் அந்த விஜயதசமியன்று, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தரையில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, பாதிச் சவரத்தோடு வீட்டுக்குப் போனார். அரை மீசையைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. கோபத்தில் டோபியை மாற்றிவிடுவார் என்றுதான் மாரியாயி பயந்தாள். அந்த வாரம் கன்னையா வழக்கம்போல் வெளுத்ததைச் சுமந்துகொண்டு தெருமுனை திரும்பினார். குரல் வரவில்லை. பின்சந்துக்குத் திரும்பப் போனபோது முன்கதவு திறந்தது.

"கன்னையா," என்றார் இராமலிங்கம், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இப்படி முன்னாலயே வாங்க."

கன்னையா மூட்டையை வாசலில் இறக்கினார். செருப்பைக் கழற்றினார். கொட்டகையில் பழகியபடி இடுப்பிலிருந்து குனிந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கிராணியும் குனிந்தார். மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. அது தரையைத் தொடுவதற்குள் கொட்டகையில் நெற்றிக்கு நேராக இன்னும் நிற்கப் பழகாத கன்னையாவின் கை பாய்ந்து இறங்கி, சட்டென்று நின்று, அதைப் பிடித்திருந்தது.